மலை ஏறும்போது மட்டும் சூடாகும் பழைய பிக்அப்: ஹெட்டை இறக்குவதற்கு முன்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 2008 மாடல் டீசல் பிக்அப். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு உரமும் சிமெண்டும் ஏற்றிப் போய், இறங்கும்போது கேரட், முட்டைக்கோஸ் கொண்டு வருகிறீர்கள். சமவெளியில் எவ்வளவு ஓட்டினாலும் சூடு ஏறுவதில்லை. ஆறு மாதமாக, லோடோடு மலை ஏறினால் குஞ்சப்பனை தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. அரை மணி நேரம் நிறுத்தி, வழியில் கிடைக்கும் தண்ணீரை ஊற்றி மறுபடி ஏறுகிறீர்கள். வாரத்துக்கு இரண்டு லிட்டர் குறைகிறது, ஆனால் வண்டிக்குக் கீழே சொட்டிய தடம் இல்லை. வாட்டர் பம்ப் புதிது. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தாயிற்று. இப்போது மெக்கானிக், "கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கணும், 40,000 ஆகும்" என்கிறார். (ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம், அதன் கீழே இருப்பது பிளாக், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு கேஸ்கெட்.) இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். மெக்கானிக் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை, கேஸ்கெட்டாகவே இருக்கலாம். ஆனால் அதை உறுதி செய்யும் சோதனை ஒன்றுகூட இதுவரை நடக்கவில்லை. பம்ப் மாற்றியதும் வால்வைக் கழற்றியதும் ஊகத்தில் செய்த வேலைகள். மூன்றாவது ஊகத்துக்கு 40,000 ரூபாய் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி இது: தண்ணீர் குறைவதால் வண்டி சூடாகிறதா, அல்லது சூடாவதால் தண்ணீர் குறைகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள். முதலாவது என்றால் ஒழுக்கைத் தேட வேண்டும். இரண்டாவது என்றால் ஒழுக்கே இருக்காது. கொதித்த தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சாலையில் போய்விடும், நீங்கள் எங்கே தேடினாலும் கிடைக்காது. இதைப் பிரித்தறிய, காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டரை வாய் வரை நிரப்புங்கள். ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். மூன்று நாள் மலைக்குப் போகாமல் கீழேயே ஓட்டி, தினமும் காலையில் அந்த டேப்பைப் பாருங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்காமல், மலைக்குப் போன நாளில் மட்டும் இறங்கினால், சூடுதான் முதல் குற்றவாளி.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இரண்டாவது வகை மாதிரிதான் தெரிகிறது. இருந்தாலும் ஒழுக்கை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கீழே சொட்டவில்லை என்பதால் ஒழுகவில்லை என்று ஆகாது. சூடான பிளாக்கின் மேல் கசியும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தரையைத் தொடும் முன்பே ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறையை விட்டுப் போகும். ஓஸ் கிளிப்புகள், பிளாக்கின் பக்கவாட்டில் வட்டத் தகடு அடித்து மூடிய கோர் பிளக்குகள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை, எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கேபினுக்குள் ஹீட்டர் இருந்தால், பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரில் ஓட்டை. ரேடியேட்டர் கடைகளில் கைப்பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டர் இருக்கும். ஆறிய எஞ்சினில் அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவு வரை காற்றடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். முள் இறங்காவிட்டால் வெளி ஒழுக்குக் கணக்கு முடிந்தது.

அடுத்தது வால்வு. தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் மற்ற சோதனைகளைச் செய்ய வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று பட்டறைகளில் சாதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு வருத்தமே இதில்தான், ஏனென்றால் பல எஞ்சின்களில் வால்வைக் கழற்றுவது சூட்டைக் கூட்டும். காரணம் எளிது. வால்வு மூடியிருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வால்வு திறக்கும்போது, அதன் அடியில் இருக்கும் தட்டு அந்த பைபாஸை அடைத்து மொத்தத் தண்ணீரையும் ரேடியேட்டருக்கு அனுப்பும். வால்வே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். லேசான ஓட்டத்தில் இது தெரியாது. லோடோடு ஏற்றத்தில் தெரியும்.

உங்கள் தடத்தில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. ஏறும்போது முள் சிவப்பில் இருக்கிறது. இறங்கும்போது 30 கிலோமீட்டர் சொச்சம் எஞ்சினுக்கு வேலையே இல்லை, வால்வும் இல்லை. எஞ்சின் ஒரேயடியாக ஜில்லென்று ஆகிவிடும். இப்படித் தினமும் விரிந்து சுருங்குவதே ஹெட் கேஸ்கெட்டைத் தின்னும். இதுவரை கேஸ்கெட் நன்றாக இருந்திருந்தால்கூட, இனி அதிக நாள் தாங்காது.

புது வால்வு வாங்கினால் அதன் மேல் திறக்கும் சூடு அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 82 டிகிரி போல இருக்கும். மாட்டும் முன் நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். போட்டிருக்கும் சூட்டுக்கு அருகில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் முழுக்கத் திறக்க வேண்டும். புதிது என்பதால் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். தட்டில் ஆடுகிற சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வரும்படி மாட்டுங்கள், காற்று வெளியேற அதுதான் வழி.

முள் உண்மை சொல்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. ஹெட்லைட் போட்டதும் முள் துள்ளி ஏறினால் அது சூடு இல்லை, எர்த் பிரச்சினை. தொடாமலே சூடு அளக்கும் தெர்மாமீட்டர் கன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை, லோடு வண்டி வைத்திருப்பவருக்கு ஆயுள் முழுக்க உதவும். பளபளக்கும் உலோகத்தின் மேல் அடித்தால் குறைத்துக் காட்டும். ரப்பர் ஓஸ் மேலோ, கறுப்பு டேப் ஒட்டிய இடத்திலோ அடியுங்கள்.

இந்த கன்னை வைத்து மேல் ஓஸையும் கீழ் ஓஸையும் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அளந்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால், தண்ணீர் ஓடுகிறது ஆனால் ரேடியேட்டர் சூட்டை வெளியே தள்ளவில்லை என்று பொருள். ஃபேன், காற்று, வெளி அடைப்பு பக்கம் போங்கள். மேல் ஓஸ் கொதிக்க, கீழ் ஓஸ் ஜில்லென்று இருந்தால் தண்ணீரே ஓடவில்லை. பிறகு ரேடியேட்டரின் முகத்தில் கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். நடுவில் திடீரென்று சூடு குறைந்த திட்டுகள் இருந்தால் அந்தக் குழாய்கள் அடைந்துவிட்டன.

என் முதல் சந்தேகம் இங்கேதான். ஆறு மாதமாகக் கொதிக்கும்போதெல்லாம் வழியில் கிடைத்த தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். போர் தண்ணீர் என்றால், ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் தன் உப்பை உள்ளேயே விட்டுப் போகும். வீட்டில் தண்ணீர் காயவைக்கும் அண்டாவின் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ரேடியேட்டர் குழாயிலும், அதைவிட மோசமாக ஹெட்டுக்குள் இருக்கும் தண்ணீர் வழிகளிலும் உட்காரும். உப்புப் படிவு இரும்பைவிடப் பல மடங்கு மந்தமாகத்தான் சூட்டைக் கடத்தும். அப்படியிருந்தும் சமவெளியில் ஏன் தெரியவில்லை? டீசல் எரியும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குத்தான் வருகிறது. லோடில்லாமல் ஓடும்போது எரியும் டீசலே குறைவு, பாதி அடைந்த ரேடியேட்டரும் அதற்குப் போதும். முழு லோடில் மலை ஏறும்போது எஞ்சின் கொடுக்கும் சூடு பல மடங்கு, வண்டி போகும் வேகமோ 20, 25. முன்னால் மோதும் காற்றும் இல்லை. மிச்சம் வைத்திருந்த திறன் எல்லாம் அங்கே தீர்ந்துவிடும்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் நல்ல ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கை ஈயம் உருக்கிக் கழற்றி, ராடு விட்டுச் சுத்தம் செய்வார்கள். அது நல்ல வேலை, பயப்படாமல் செய்யலாம். அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும் வைத்தது என்றால் பாதிக்கு மேல் அடைந்த பிறகு மாற்றுவதே மேல். வெளிப்பக்கம் மண்ணும் பூச்சியும் அடைந்திருந்தால், எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே இறங்கும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும், கவனம்.

ஒழுக்கை அடைக்க யாராவது ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டிருந்தார்களா என்று பழைய டிரைவரைக் கேட்டுப் பாருங்கள். நடுரோட்டில் மாட்டிக்கொண்டவனுக்கு அது ஊர் போய்ச் சேர உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கும் எதுவும் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஊர் வந்ததும் கழுவ வேண்டும், அதை யாரும் செய்வதில்லை.

அப்புறம் மூடி. உங்கள் தடத்தைப் பொறுத்தவரை இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு; திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். உங்கள் எஞ்சின் சரியாக ஓடும்போதே 85, 90 டிகிரியில்தான் ஓடும். ஆக, மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் மலைமேல் உங்களுக்கு மிச்சமிருப்பது நாலிலிருந்து ஒன்பது டிகிரி மட்டும். 0.9 (பார் அளவில் அழுத்தம்) என்று அச்சிட்ட மூடி, அதாவது ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ, சரியாகப் பிடித்தால் அதே கோத்தகிரியில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி வரை கொதிக்காது. கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி கூடும். சமவெளியில் ஒன்றும் தெரியாமல், மலையில் மட்டும் கொதிப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா, நடுவில் இருக்கும் குட்டி வால்வை விரலால் இழுத்து விட்டால் திரும்ப உட்காருகிறதா என்று பாருங்கள். டெஸ்டரில் மூடியையும் மாட்டிச் சோதிக்கலாம். சந்தேகம் என்றால் மாற்றிவிடுங்கள், விலை குறைந்த பாகம்தான். ஆனால் அதே எண் போட்ட மூடியாக இருக்கட்டும். "பெரிய அழுத்தம் போட்டால் கொதிக்காது" என்று 1.1, 1.3 மூடி போட்டால் பதினெட்டு வயது ஓஸும் ரேடியேட்டர் மூட்டும் வெடிக்கும்.

ஃபேனில் பார்ப்பதற்கு நேரம் அதிகம் ஆகாது. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் ஏற்றத்தில் வழுக்கும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு இருக்கிறதா? பல பழைய வண்டிகளில் உடைந்த பிறகு திரும்ப மாட்டியே இருக்க மாட்டார்கள். கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், இருந்த இடத்திலேயே காற்றைச் சுழற்றும். விஸ்கஸ் கிளட்ச் (சூடேறினால் மட்டும் ஃபேனை இறுக்கிப் பிடித்துச் சுற்றவைக்கும் எண்ணெய் கிளட்ச்) வைத்த ஃபேன் என்றால், எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் தெரிய வேண்டும். காற்றாடி மாதிரித் தானாகப் பல சுற்றுச் சுற்றினாலோ, நடுப்பகுதியில் எண்ணெய் வழிந்த கறை இருந்தாலோ கிளட்ச் முடிந்தது.

கீழ் ஓஸ் விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் வைத்திருந்த லோடு வண்டி திம்பம் மலைப்பாதையில் மட்டும் சூடாகும். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவை ஒட்டி முள் ஏறத் தொடங்கும். பட்டறையில் ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் போட்டு (அடிமுகத்தைச் சீவிச் சமமாக்கி), புது கேஸ்கெட் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அதே வளைவில் அதே முள். நான்கு மாதச் சேமிப்பு அந்த வேலையில் போயிருந்தது. கடைசியில் ஒரு வயதான ரேடியேட்டர்காரர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆக்சிலரேட்டர நல்லா மிதிச்சுப் பிடி" என்றார். மூன்றாயிரம் சுற்றை நெருங்கியதும் கீழ் ஓஸ் காலி பிளாஸ்டிக் பை மாதிரி ஒட்டிக்கொண்டது. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உறிஞ்சலில் சப்பையாகாமல் இருக்க உள்ளே ஒரு கம்பிச் சுருள் உண்டு. அது துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. கால் எடுத்தால் ஓஸ் பழையபடி உருண்டுவிடும், அதனால் நிறுத்திப் பார்த்த யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் வண்டியிலும் ஒருவரை மிதிக்கச் சொல்லி இதைப் பாருங்கள். காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை. கையும் துண்டும் ஃபேனிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, கேஸ்கெட்டுக்கு வருவோம். எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு நேரடிச் சோதனைகள் இருக்கின்றன. இரவு முழுக்க ஆறிய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று அழுத்தம் வெளியேறுகிறதா? ஆறிய எஞ்சினில் அழுத்தத்துக்கு இடமே இல்லை. இருந்தால் அது முந்தின நாள் புகுந்த வாயு. அடுத்து, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து மேல் ஓஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள், ஒரு நிமிடத்திலேயே ஓஸ் கல் மாதிரி இறுகினால் வாயு வருகிறது. மூடியில்லாமல் வாய் வரை நிரப்பி ஓடவிட்டால் முதலில் கொஞ்சம் குமிழ் வரும், அது தங்கியிருந்த காற்று. வால்வு திறந்த பிறகும் நிற்காமல், மிதிக்க மிதிக்கக் கூடினால் அது எரிந்த வாயு.

நீல நிற மருந்தை வைத்து ரேடியேட்டர் வாயில் செய்யும் சோதனையும் உண்டு. எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும். டீசலில் பச்சை, பெட்ரோலில் மஞ்சள். இதில் ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் தேவைக்கு மேல் நிறையக் காற்றை இழுக்கும், வாயுவின் அடர்த்தி மிகக் குறைவாக இருக்கும். சின்ன விரிசல் லோடில்தான் திறக்கும். அதனால் பட்டறையில் ஐட்லிங்கில் வைத்துப் பார்த்து நிறம் மாறவில்லை என்றால் முழுக்க நம்ப வேண்டாம். ஏற்றம் ஏறி வந்த உடனே, மூடியைத் திறக்கும் அளவு ஆறியதும், திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள். எண்ணெய்க் கம்பியில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்கிறது, அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு இருந்தால், மலைக் குளிரில் படிந்த ஈரமாகவும் இருக்கலாம். உங்கள் வண்டியில் ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குள் திரும்பப் போகும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் பாகம்) இருந்தால், அது உள்ளே ஓட்டையானாலும் தண்ணீர் காணாமல் போகும், வெள்ளைப் புகை வரும், எல்லாம் கேஸ்கெட் மாதிரியே தெரியும். ஹெட்டை இறக்கும் முன் அதைத் தனியாக அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சோதனையில் வாயு உறுதியானால், சரி, ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். அப்போது கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். நேர்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, வளைந்திருந்தால் மட்டும் ஃபேஸிங். பிளாக்கின் மேல்முகத்தையும் அதே கோலால் பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். போல்ட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில், புத்தகத்தில் உள்ள வரிசையில், படிப்படியாக இறுக்க வேண்டும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் ஹெட்டை மட்டும் ஏற்றினால் புது கேஸ்கெட்டும் அதே வழியில் போகும்.

எப்படியானாலும் முடிவில் உள்ளே ஊற்றப்போவது முக்கியம். கூலன்ட் என்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கானது என்று நினைக்காதீர்கள். நமக்கு அது துருவையும் படிவையும் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. கெட்டியான கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு 50:50 கலந்து ஊற்றுங்கள். கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. சூட்டை வாங்கிப் போவதில் தண்ணீர்தான் திறமைசாலி. வெறும் கூலன்ட்டில் எஞ்சின் கூடுதலாகவே சூடாகும். பச்சை, சிவப்பு என்று நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை டப்பாவில் பார்த்து வாங்குங்கள். இப்போது உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாத நிலையில், ரேடியேட்டர் திருகோடு பிளாக்கில் இருக்கும் டிரெயின் பிளக்கையும் திறந்து முழுக்க வடித்துக் கழுவிவிட்டுப் புதிதை ஊற்றுங்கள். ஊற்றும்போது வண்டியின் முகம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதன் வால்வைத் திறந்து, ஓஸ்களை அமுக்கி விட்டு, மெதுவாக நிரப்புங்கள். உள்ளே காற்று தங்கினால் இவ்வளவு வேலைக்குப் பிறகும் முள் ஏறும்.

இதெல்லாம் முடியும் வரை மலைக்குப் போயே ஆக வேண்டுமென்றால் பாதி லோடு ஏற்றுங்கள். மூன்றாவது கியரில் திணறவிடாமல் இரண்டாவதில் சுற்று கொஞ்சம் கூட இருக்கும்படி ஏறுங்கள். பம்பும் ஃபேனும் எஞ்சின் சுற்றோடுதான் சுற்றுகின்றன. முள் ஏறத் தொடங்கியதும், சிவப்புக்குக் காத்திருக்காமல் ஒதுங்குங்கள். ஆவியோ தண்ணீர் ஒழுக்கோ இல்லையென்றால், உடனே அணைக்காமல் லோடில்லாமல் கொஞ்சம் கூடுதல் ஐட்லிங்கில் இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும். ஆவி வந்தால் உடனே அணையுங்கள். நீங்கள் சொன்ன அரை மணி நேரம் மூடியைத் திறக்கப் போதாது. மேல் ஓஸை வெறுங்கையால் அழுத்திப் பிடிக்க முடிகிற வரை மூடியைத் தொடாதீர்கள். சீறி வரும் அந்தத் தண்ணீர் முகத்தைத் தோலோடு உரிக்கும், நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும், அப்புறம் 40,000 பற்றிப் பேச்சே இல்லை.

வடித்த பழைய கூலன்ட்டை ஒரு கேனில் பிடித்து மூடி வையுங்கள். அது இனிப்பாக இருக்கும், தெருநாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் கெட்டுச் சாகும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குடிக்கிற பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.